முதல் பொட்டு வாங்கும் ஸ்பானர்

ஆயுத பூஜையன்று காலை, குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் தம்முடைய பழைய ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். உதைத்து உதைத்துக் கால் வலித்தாலும் கிளம்பாத வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்று நான் கேலி செய்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. நான் ஓய்வு பெற்ற ராக்கெட் ஏவுதளத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த கவிதா ஒரு தலைவாழை இலையைக் காட்டினாள். இலையின் நடுவில் ஒரு ராட்செட் ஸ்பானர். உடம்பெல்லாம் மஞ்சள், தலையில் பெரிய குங்குமப் பொட்டு.

“அக்கா, இதை நாங்க ஒரு வேலைக்கும் எடுக்கிறதில்ல. ஆனா வருஷா வருஷம் முதல் பொட்டு இதுக்குத்தான். ஏன்னு யாரைக் கேட்டாலும் ‘பகவதி மேடத்தைக் கேளுங்க’ன்னு சொல்றாங்க. நீங்க எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு வாசிச்சுக் காட்டலாம்” என்றாள்.

கூடவே இன்னொரு செய்தியும் சொன்னாள். அந்தச் செய்திக்கு உரியவர் நான் அல்ல, திருவேங்கடத்தில் இருக்கும் செல்லத்துரை அண்ணாச்சி. அவரிடம் சொன்ன பிறகு மற்றவர்களுக்குச் சொல்வதுதான் முறை. ஆகவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் பார்த்த வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. செயற்கைக்கோளை ராக்கெட்டில் ஏற்றும்வரை அதன்மேல் தூசி படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதை விளக்கிச் சொன்னபோது தென்காசியில் என் அத்தை ஒருத்தி, “பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிச்சிட்டு கூட்டிப் பெருக்குத வேலைக்காட்டி போற?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கூட்டிப் பெருக்குகிற வேலைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குப்பையை யார் வேண்டுமானாலும் பெருக்கலாம். கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளை உடுப்பு போடுவது, தலையை மூடுவது, முகத்தை மூடுவது, மெதுவாக நடப்பது, தும்மல் வந்தால் வெளியே ஓடுவது. இவற்றைப் பழகவே மாதங்கள் போயின. முதல் நாள் மட்டும் இன்றும் அப்படியே நினைவில் நிற்கிறது. எங்கள் பிரிவின் தலைவர் மாத்யூ சார், புதிதாக வந்தவர்களை ஓர் இருட்டறையில் நிறுத்தி ஊதா விளக்கைப் போட்டார். சாதாரண வெளிச்சத்தில் மறைந்திருக்கும் அழுக்கு அந்தப் புற ஊதா ஒளியில் மினுங்கும். விளக்கு என் பக்கம் திரும்பியதும் அறையே சிரித்தது. என் கழுத்திலும் தாலிக்கயிற்றிலும் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒளி எரிந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண் நான். அன்றும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாத்யூ சார் விளக்கைத் திருப்பித் தம்முடைய சட்டைக் காலரிலேயே அடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை பளீரென்று நீலமாக எரிந்தது. சலவை சோப்பு அப்படித்தான் எரியும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. “கண்டோ? என்னிடத்திலும் உண்டு. சோப்பு நீலம், மஞ்சள் இந்த நிறம். ரெண்டையும் மறக்கண்டாம்” என்றார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் மலையாளி. செங்கோட்டைப் பக்கம் சொந்தபந்தம் உள்ள எனக்கு அந்தத் தமிழ் புதிதாகத் தெரியவில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வந்தால் தம்முடைய நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். வந்தவரை அதில் உட்கார வைப்பார். தாம் நின்றுகொண்டு கேட்பார். ‘யார் செய்தது’ என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘என்ன நடந்தது’ என்றுதான் கேட்பார். கூட வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் குரல் உயர்ந்ததில்லை. 

அன்றோடு மஞ்சளை விட்டேன். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், கூந்தலுக்குப் பிச்சிப்பூ எல்லாவற்றையும் விட்டேன். மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. “ஏட்டி பகவதி, கட்டுக்கழுத்தி மஞ்சத் தேய்க்காம எங்கனட்டி போற? ஊர்ல என்ன பேசுவாவ?” என்பார். சீசனுக்குக் குற்றாலம் போனால் குடும்பமே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கும். நான் மட்டும் காய்ந்த தலையோடு ஓரமாக நிற்பேன். லீவு முடிந்து திரும்பினால் எண்ணெய் உடம்பில் ஊறி நிற்குமே என்று பயம். விட்டதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் என் வேலையை நான் அப்படித்தான் பார்த்தேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஏவுதளம் இருக்கும் அந்தத் தீவில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் என்று எனக்கு வாய்த்தவர் செல்லத்துரை அண்ணாச்சி. திருவேங்கடத்துக் கரிசல்காட்டுக்காரர். மூத்த மெக்கானிக். அவர் கையில் ஸ்பானர் இருந்தால் திருகாணிக்கே வலிக்காது என்று சொல்வோம். நெற்றியில் எப்போதும் குங்குமம் இருக்கும். செயற்கைக்கோள் இருக்கும், தூசி புகாத சுத்த அறைக்குள் நுழையும்முன் அதைத் துடைத்துவிட்டு, வெளியே வந்ததும் மறுபடி வைத்துக்கொள்வார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

இனி அந்தச் செயற்கைக்கோள். பூமியைப் படமெடுத்து நாட்டின் எல்லையையும் கடலையும் கண்காணிக்கிற ரகம். வீட்டில் கேட்டால் ‘மழை பார்க்கிறது’ என்று சொல்லி வைத்திருந்தேன். அதன் உயிர் அதன் கேமராதான். குழாய் போன்ற உடம்பு, அதன் அடியில் ஒரு பெரிய கண்ணாடி. கேமராவின் வாயைச் சிவப்பு நிற மூடி ஒன்று கடைசிவரை மூடியிருக்கும். செயற்கைக்கோளை ராக்கெட்டின் உச்சியில் ஏற்றி, அதைச் சுற்றி வெப்பக் கவசத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடுவதற்குச் சற்று முன்புதான் அந்தச் சிவப்பு மூடியைக் கழற்றுவோம். கழற்றியதும் விளக்குகளைக் குறைத்துவிட்டு நான் ஊதா விளக்கோடு ஒரு சுற்று வருவேன். நான் தலையசைத்தால்தான் கவசம் மூடும். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியை மனிதக் கண் பார்க்கப் போவதில்லை.

அந்த முறை மூடும் நாள், ஆயுத பூஜை முடிந்த கையோடு வந்தது. சுத்த அறைக் கருவிகளுக்கும் பூஜை உண்டு. அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தோம். கருவியைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு ஒட்டி, உறையின் மேல்தான் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வைக்க வேண்டும். பூஜை முடிந்ததும் உறையைக் கிழித்து வெளியே எறிந்துவிடுவோம். சாமிக்கும் குறையில்லை, சுத்தத்துக்கும் குறையில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மூடும் நாளன்று ராக்கெட்டைத் தாங்கி நிற்கும் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சுத்த அறையில் நின்றோம். கேமராவின் வாய் திறந்திருக்கும்போது யாரும் பேசக்கூடாது. முகமூடிக்குள்ளிருந்தும் எச்சில் தெறிக்கும். எல்லாம் சைகைதான். அண்ணாச்சி மணிக்கட்டில் ஸ்பானரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, டிக் டிக் என்று ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். சிவப்பு மூடியை எடுத்து வெளியே கொடுத்தார். விளக்குகள் மங்கின. நான் விளக்கோடு போனேன்.

கேமரா வாயின் விளிம்பில் ஒரு புள்ளி எரிந்தது. கடுகை உடைத்த துண்டு அளவுகூட இராது. இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினேன். ‘நிறுத்து’ என்பதற்கு எங்கள் சைகை அது. அதைப் பார்த்தால் அவரவர் கையில் இருப்பதோடு அப்படியே நின்றுவிட வேண்டும். கீழே கூடத்தில் ஓரிரு முறை தூக்கியிருக்கிறேன். ராக்கெட்டின் உச்சியில், மூடும் நேரத்தில், அதுவரை தூக்கியதில்லை.  கேமராவின் வாயைத் தற்காலிக உறையால் மூடிவிட்டு எல்லோரும் அறையைப் பிரிக்கும் திரைக்கு இந்தப் பக்கம் வந்தோம்.

திட்ட இயக்குநர் அங்கே காத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தது. அவருக்கு அன்றைய தேதியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. “ஒரே ஒரு துகள். அதுக்காக நிறுத்தணுமா? நாளைக்குக் காத்து ஏறிட்டா இந்த ராக்கெட்டை என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க” என்றார்.

“கடுகு சிறுத்தாலும் காரம் போகாது சார்” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மாத்யூ சார் என்னிடம் திரும்பினார். “பகவதி, என்ன கண்டது?”

“மஞ்சள் சார்.”

“உறுதியா?”

“உறுதி சார். முதல் நாள் என் கழுத்துல நீங்க பார்த்த அதே நிறம்.”

அவருக்கு நினைவிருந்தது. முகம் இறுகியது. மஞ்சள் என்றால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளில் எண்ணெய்ப்பசை உண்டு. விண்வெளியில் காற்றில்லாத இடத்தில் வெயில் பட்டால் அந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஆவி, பக்கத்தில் எது குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் படியும். குளிர்ந்திருப்பது அந்தக் கண்ணாடிதான். மாதங்கள் போகப் போகப் படம் மங்கும். மேலே போய்த் துடைக்க ஆள் கிடையாது.

இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “மஞ்சள்னா... தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த ரூம்ல லேடீஸ் நீங்க ஒருத்தர்தான்.”

அந்தச் சொல் சுட்டது. மாமியாரோடு நான் போட்ட சண்டையெல்லாம் ஒரு நிமிடத்தில் கண்முன் வந்து போயிற்று. ஆனால் மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? விளக்கை மாத்யூ சார் கையில் கொடுத்தேன். உடுப்பு மாற்றும் பக்கம் போய்த் தலைமூடியையும் கையுறையையும் கழற்றிவிட்டு வந்து நின்றேன். “முதல்ல என்னைப் பாருங்க சார்” என்றேன். விளக்கு என் கழுத்து, கை, காது மடல், தலைமுடி என்று எல்லா இடமும் நின்று நின்று போனது. மங்கலான நீலமாய்த் தெரிந்த தோலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு பொட்டு மஞ்சள்கூட என்மேல் ஒட்டியிருக்கவில்லை. இயக்குநர் “ஸாரி மேடம்” என்றார். அன்று நான் நின்ற நிமிர்வை இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.

பிறகு மற்றவர்களைப் பார்த்தோம். ஒருவர்மேலும் இல்லை. கருவிகளுக்கு வந்தோம். அண்ணாச்சியின் ராட்செட் வெளியில் சுத்தமாகத்தான் இருந்தது. மாத்யூ சார் அதை விளக்கின்கீழ் பிடித்து ஒரு முறை திருப்பினார். டிக் என்றது. உள்பல்லின் இடுக்கிலிருந்து ஒரு மின்மினி எட்டிப் பார்த்தது போல மஞ்சள் ஒளி தெரிந்தது.

 அண்ணாச்சி முகமூடியைக் கழற்றினார். “அது நான் செஞ்சதுதான் சார். வேற யாரையும் பாக்க வேண்டாம்” என்றார்.

மாத்யூ சார் சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “முதல்ல உட்காரணும். பின்னே பறயலாம்.” அண்ணாச்சி உட்கார்ந்தார். சார் நின்றார். “என்ன நடந்தது?”

“பூஜை அன்னைக்கு எல்லாத்தையும் உறைக்குள்ள போட்டுத்தான் சார் பொட்டு வச்சேன். இது ஒண்ணுக்கு மட்டும் மனசு கேக்கல. இத்தனை வருசமா எனக்குச் சோறு போடுதது இது. உறை மேல பொட்டு வச்சா அது உறைக்குத்தானே பொட்டு? கருவிக்கு எப்படி ஆகும்? பிரிச்சு மஞ்சப் பூசிக் கும்பிட்டேன். பொறவு ஆல்கஹால் விட்டு நல்லாத் தொடச்சிட்டுத்தான் உள்ள கொண்டாந்தேன். பளபளன்னு இருந்துச்சு.”

பளபளவென்றுதான் இருந்திருக்கும். ஆனால் மஞ்சள் ஆல்கஹாலில் கரையும். கரைந்தது இடுக்கில் இறங்கி, காய்ந்து, தூளாக உட்கார்ந்துவிட்டது. அவர் துடைக்கத் துடைக்க உள்ளேதான் போயிருக்கிறது. அக்கறை குறைந்து வந்த தவறல்ல. அக்கறை கூடிப்போய் வந்த தவறு.

மாத்யூ சாரின் அடுத்த கேள்வியை நான் மறக்கமாட்டேன். “ஸ்பானர் எந்தத் திருகில், எந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றது? ஓர்மையுண்டோ?”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கடற்பக்கத்துத் திருகுகளைக் கழற்றியபோது மட்டும் ஸ்பானரின் தலை வாய்க்கு மேலாக வந்தது என்றார். மூடியின்மேல் உதிர்ந்த தூள், மூடியை எடுக்கும்போது உள்ளே சரிந்திருந்தால் அந்தப் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும். அவர் பயந்து வாயை மூடியிருந்தால் நாங்கள் எங்கே தேடுவது என்று தெரியாமல் தடுமாறியிருப்போம். அவர் ஒப்புக்கொண்டதால் எங்களுக்கு இடம் தெரிந்தது.

இயக்குநர் வேறொரு மெக்கானிக்கை அழைக்கச் சொன்னார். மாத்யூ சார் தலையை ஆட்டினார். “இந்தக் கையைவிட நல்ல கை இந்தத் தீவில் இல்லை. இவர்தான் எடுக்கணும்.”

“கை நடுங்குது சார்” என்றார் அண்ணாச்சி.

நான் பக்கத்தில் போனேன். “அண்ணாச்சி, வெளக்கை நான் புடிக்கேன். நீங்க வேற எதையும் நெனைக்காதீங்க. என் வெளிச்சத்தை மட்டும் பாருங்க.”

உறையை மறுபடி விலக்கினோம். கடற்பக்கமாக விளக்கைச் சாய்த்தேன். அவர் சொன்ன இடத்திலேயே, கண்ணாடிக்கு முன்னால் உள்ள கறுப்பு வளையத்தில், இன்னும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நுனியில் ஒட்டும் பசை வைத்த மெல்லிய குச்சியை அண்ணாச்சி உள்ளே செலுத்தினார். உடுப்பின் ஓரம் உள்ளே உரசினால் கதை முடிந்தது. நான் மூச்சையும் அளந்துதான் விட்டேன். குச்சி தொட்டது, எடுத்தது, வெளியே வந்தது. அவர் கை ஆடவே இல்லை. விளிம்பில் இருந்ததையும் அப்படியே எடுத்தார். பிறகு கண்ணாடியை மூலை விடாமல் பார்த்தேன். மழைக்காலத்துக் கிணறு மாதிரி கறுப்பாக, சலனமில்லாமல் கிடந்தது. திருப்தி ஆகும்வரை பார்த்துவிட்டுத் தலையசைத்தேன்.

அன்று கவசத்தை மூட முடியவில்லை. மறுநாள் மூடினோம். காற்றழுத்தத் தாழ்வு எங்களை மிரட்டிவிட்டு வடக்கே போய்விட்டது. மழை கழுவிய வானத்தில் ராக்கெட் எழும்பியபோது நான் மொட்டைமாடியில் நின்றேன். முதலில் வெளிச்சம், பிறகு நெஞ்சைக் குலுக்கும் சத்தம். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. செயற்கைக்கோள் பிரிந்து தன் பாதையில் சேர்ந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் என்னிடம் குனிந்து, “தங்கச்சி, உள்ள இன்னொண்ணு கெடந்திருந்தா?” என்றார்.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அந்தச் செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் இரகசியம், எங்கள் கண்ணுக்கு வராது. சில வாரம் கழித்து மாத்யூ சார் நடைவழியில் என்னை நிறுத்தி, “கொடியில் காயும் புடவைகளைப் படத்தில் பிரித்துப் பிரித்துக் காணலாம், பகவதி” என்றார். “என்ன நிறம் சார்?” என்று கேட்டேன். “கறுப்பு வெள்ளை கேமராவாக்கும்” என்று சிரித்தார். ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். “அது இன்னைக்கு. ஆவியாகிப் படியுதுக்குக் காலம் ஆகும்லா?” என்றார்.  தூசியைப் பற்றி அவருக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேலே பேச்சு வந்தது. கூட்டத்தில் மாத்யூ சார் அந்த ஸ்பானரை மேசைமேல் வைத்தார். “தப்பு செய்தது இது. இனி இது வேலைக்கு வராது. தண்டனை கொடுத்தாயிற்று” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த ஆயுத பூஜையில் மற்ற கருவிகள் எல்லாம் உறைக்குள் இருக்க, அந்த ஸ்பானரை மட்டும் உறையில்லாமல் வாழை இலையில் வைத்தார். “செல்லத்துரை, எல்லாத்துக்கும் சேர்த்து இதுக்கு நன்றாகப் பூசணும். இதுக்கு இனி இதுதான் ஜோலி” என்றார். அண்ணாச்சி அழுதுகொண்டே பூசினார். கவிதா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அன்று நான் இன்னொன்றையும் கவனித்தேன். பொட்டு வைத்து முடித்தபின் விரலில் மிஞ்சிய குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை. துணியில் துடைத்துக்கொண்டார். வருடம் முழுவதும் வெறும் நெற்றியோடுதான் இருந்திருக்கிறார். கேட்டேன். “அதோட கண்ணு கடைசி வரைக்கும் தெளிவா இருந்துச்சுன்னு என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்கு வச்சுக்கிடுதேன் தங்கச்சி” என்றார். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போதும் நெற்றி வெறுமையாகவே இருந்தது.

இப்போது கவிதா சொன்ன செய்திக்கு வருகிறேன். அந்தச் செயற்கைக்கோளுக்குப் போட்டிருந்த ஆயுளைத் தாண்டியும் அது உழைத்தது. அண்மையில்தான் அதற்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும்முன் கேமராவைக் கடைசியாகச் சோதித்திருக்கிறார்கள். “கண்ணாடி முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்காம் அக்கா. துளிகூட மங்கலையாம்” என்றாள் அவள்.

அதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சியைக் குற்றாலத்துக்கு வரச் சொன்னேன். மழை பெய்திருந்ததால் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஓய்வு பெற்றபின் நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட பரிசு எண்ணெய்க் குளியல். அன்றும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்த ஈரத் தலையோடு, கையில் பூஜைத்தட்டோடு கோயில் வாசலில் நின்றேன். அண்ணாச்சி சங்கரன்கோவில் வழியாக பஸ் பிடித்து, தென்காசியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார். நெற்றி வெறுமைதான்.

“என்ன தங்கச்சி, அவசரமா வரச் சொல்லிட்ட? வீட்ல எல்லாரும் சொகந்தானே?”

“எல்லாரும் சொகம் அண்ணாச்சி. நம்ம கேமராவும் சொகம். கடைசி வரைக்கும் கண்ணு மங்கலையாம்.”

அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். கேட்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். குளிக்க வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் அழட்டும் என்று நானும் சும்மா நின்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு என் தட்டைப் பார்த்தார். அம்மன் சந்நிதியில் கொடுத்த மஞ்சளும் குங்குமமும் இருந்தன. கேட்காமலே மஞ்சளை எடுத்தார். சுத்த அறையில் திருகு கழற்றிய அதே நிதானத்தோடு நெற்றி முழுக்க இழுத்துப் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்ப உன் ஊதா வெளக்கை அடிச்சுப் பாரு தங்கச்சி” என்றார். “எப்படி ஜொலிக்கேன்னு தெரியும்.”